பள்ளிப் பாடத்திட்டத்தில் இலக்கியம்

பள்ளிப் பாடத்திட்டத்தில் இலக்கியம் என்பது கதை, கவிதை, நாடகம் முதலிய ஆக்கங்களை மொழிப்பாடத்தின் பகுதியாகவோ பிற பாடங்களுக்குத் துணையாகவோ மாணவருக்குக் கற்பிக்கும் முறைகளைக் குறிக்கும். எந்த நூலைச் சேர்ப்பது என்பதே பெரிதும் விவாதிக்கப்படுகின்றது. சேர்த்த நூலை எவ்வாறு வாசிக்கச் செய்வது என்பது அதனினும் கடினமான சிக்கல் எனலாம். தமிழ்நாட்டுப் பள்ளிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

பழைய முறை

திண்ணைப் பள்ளிகளில் இலக்கியம் தனிப் பாடமாக இருக்கவில்லை. எழுத்தறிவுக்கே அது வாயிலாக இருந்தது. ஔவையாரின் ஆத்திசூடி, கொன்றை வேந்தன் ஆகியவற்றின் அடிகள் எழுத்து வரிசையில் தொடங்குவதால், நெடுங்கணக்கும் நீதியும் ஒருங்கே மனத்தில் பதிந்தன. மேற்கல்வி 'பாடம் கேட்டல்' முறையில் நடந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1815–1876) தாம் பாடம் கேட்ட விதத்தை உ. வே. சாமிநாதையர் (1855–1942) 'என் சரித்திரம்' நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார். அங்கே ஒரு நூல் முழுமையும் பாடமாக இருந்தது. இன்றைய பாடநூலில் அதன் இடத்தைச் சில செய்யுள்களே பெறுகின்றன.

இருவகை வாசிப்பு

அமெரிக்கக் கல்வியாளர் லூயிஸ் ரோசன்பிளாட் (1904–2005) வாசிப்பை இரண்டாகப் பகுத்தார். தகவலை எடுத்துக்கொண்டு செல்வதற்காக வாசிப்பது ஒன்று. வாசிக்கும் பொழுதே எழும் அனுபவத்துக்காக வாசிப்பது மற்றொன்று. குழந்தை நச்சு நீரைக் குடித்துவிட, மாற்று மருந்து எது என்று புட்டியின் மேலுள்ள குறிப்பைத் தாய் அவசரமாகப் படிப்பது முதல் வகைக்கு அவர் தந்த எடுத்துக்காட்டு ஆகும். இவ்விரு வகையும் தேவையானவையே. ஆனால் பள்ளி, கவிதையையும் புட்டிக் குறிப்பைப் போல வாசிக்கப் பழக்கிவிடுகின்றது என்பதே அவரது கவலை. 1980 இல் எழுதிய கட்டுரை ஒன்றுக்கு அவர் இட்ட தலைப்பே 'இக்கவிதை உனக்கு என்ன தகவல்களைக் கற்பிக்கின்றது?' என்ற பொருள் தரும் கேள்வி ஆகும். பயிற்சிநூலில் கவிதை ஒன்றின் கீழ் இருந்த வினா அது.

ஆசிரியர் குறிப்பு, சொற்பொருள், மனப்பாடப் பகுதி, கோடிட்ட இடம் என்று தேர்வுக்கு ஆயத்தமான தமிழ் மாணவருக்கு இவ்வினா புதியதன்று. மனப்பாடம் தன்னளவில் தீங்கானது என்று கொள்வதற்கில்லை. ஓசை வழியாகவே செவிக்குள் புகும் செய்யுள்கள் பல உண்டு. பொருள் உணரும் முன்னரே மதிப்பெண் குறுக்கிடுவதுதான் சிக்கல்.

பிற பாடங்களுடன் இணைத்தல்

2019 இல் வெளியான தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில், ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' புதினத்தின் கடற்புயல் காட்சி விரிவானப் பகுதியில் இடம்பெற்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மெடான், பினாங்கு முதலிய ஊர்களில் வாழ்ந்த தமிழரைப் பற்றிய புதினம் இது. அதே வகுப்பின் சமூக அறிவியல் நூலில் இரண்டாம் உலகப்போர் ஒரு பாடம் ஆகும். இரண்டு ஆசிரியர்கள் கலந்து பேசி ஒரே வாரத்தில் இவற்றை நடத்தினால், போர் என்பது ஆண்டுகளின் பட்டியலாக மட்டும் நின்றுவிடாது. இதற்குப் புதிய நூலோ கூடுதல் பாடவேளையோ தேவையில்லை. கால அட்டவணையில் சிறு மாற்றம் போதும்.

இவ்விணைப்பில் ஓர் இடரும் உண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்குகின்றது. தாவரவியல் வகுப்பில் அவற்றுள் சிலவற்றைத் தேடி அடையாளம் காண்பது பயன்தரும் செயல்முறை ஆகும். ஆனால் அம்மலர்களைக் கொய்து குவித்த பெண்களையும் அவர்கள் விளையாடிய மலைச்சாரலையும் விட்டுவிட்டால் எஞ்சுவது வெறும் பெயர்ப்பட்டியலே.

திருக்குறளும் தேர்வும்

2016 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருக்குறளின் அறத்துப்பால், பொருட்பால் ஆகியவற்றின் 108 அதிகாரங்களை 6 முதல் 12 வரையான வகுப்புகளின் பாடத்திட்டத்தில் சேர்க்கப் பணித்தது. இன்பத்துப்பாலின் 25 அதிகாரங்கள் இதில் அடங்கவில்லை. நூலின் கவிதைநயம் மிகுந்த பகுதி அதுவே என்று கருதுவோர் உளர். மாணவரின் வயது கருதி அதனை விலக்குவது புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும் குறள் இங்கே இலக்கியமாக அன்றி நீதிநூலாகவே வகுப்பறைக்குள் வருகின்றது என்பது குறிப்பிடத்தக்கது.

பாடநூலுக்கு வெளியே

தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை 2023 இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், சிறு கதைநூல்களை நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு படிநிலைகளில் வழங்கியது. இப்படிநிலைகள் மாணவரின் வகுப்பைக் கொண்டன்றி வாசிப்புத் திறனைக் கொண்டு அமைந்தவை.