முகத்து நெய்த்தோலழற்சி: நோயும் அதன் பராமரிப்பும்

உயிராபத்தை விளைவிக்காத நோய்கள் பொதுவாக அறிவாளரது கவனத்தைப் பெறுவதில்லை. ஆயின், முகத்திலே தோன்றும் நோயொன்று, உடல்நோவு சிறிதெனினும், சமூக வாழ்விற் பெரிதாகவே உணரப்படுகின்றது. கூச்சமும் பிறரது ஐயப்பார்வையும் நோயாளியை அவசரத் தீர்வுகளை நாடச் செய்கின்றன. அவ்வவசரமே சந்தைக்கு முதலாகின்றது. மேனாட்டு வைத்தியத்தில் ‘செபோறியிக் டெர்மற்றைற்றிஸ்’ என வழங்கும் நோய் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இதனைத் தமிழில் நெய்த்தோலழற்சி எனலாம். இந்நோயை முற்றாக ஒழிக்கும் மருந்து இல்லை. ஆனால் எளிய, மலிவான முறைகளால் இதனை நன்கு கட்டுப்படுத்தலாம். இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே விளங்கிக்கொள்வதன் அவசியத்தை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தலையிலே சொடுகு அல்லது பொடுகு எனப்படுவது இந்நோயின் மென்மையான வடிவமே. முகத்தில் இது புருவங்கள், அவற்றுக்கு இடைப்பட்ட பகுதி, மூக்கின் இரு மருங்கிலுமுள்ள மடிப்புகள், மீசை தாடி வளரும் இடங்கள், இமையோரங்கள் ஆகியவற்றிற் காணப்படும். நெய்ச்சுரப்பிகள் மிகுந்த இடங்களில் தோல் சிவந்து, எண்ணெய்ப்பசையுள்ள செதில்கள் உதிரும். அரிப்போ எரிவோ இருக்கலாம். மருத்துவ நூல்கள் பெரும்பாலும் வெண்ணிறத்தோரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டமையால் சிவப்பே முதன்மை அறிகுறியாகக் கூறப்படுகின்றது. கருநிறத் தோலிற் சிவப்பு எளிதிற் புலப்படாது. வெளிறிய திட்டுக்களே கண்ணுக்குத் தெரியும். இவை தேமலெனவும் வெண்குட்டமெனவும், ஏன், தொழுநோயெனவும் பிழையாகக் கருதப்பட இடமுண்டு. தொழுநோய்த் திட்டுக்களிற் பெரும்பாலும் உணர்ச்சி குன்றும். நெய்த்தோலழற்சியில் அவ்வாறு நிகழ்வதில்லை. நோய் தணிந்தபின் நிறமும் படிப்படியாக மீளும்.

நோய்க்காரணம் பற்றிய கருத்துக்கள் நேர்கோட்டில் வளர்ந்தவையல்ல. 1874இல் பிரெஞ்சு அறிஞர் லூயி சார்ள் மலசே சொடுகுச் செதில்களிலுள்ள பங்கசை விவரித்தார். 1887இல் ஜெர்மானிய வைத்தியர் உன்னா இந்நோயைத் தனியாக வகைப்படுத்தினார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலோ, பங்கசு தோலில் வாழும் வெறும் உடனுறைவியே என்ற கருத்து வலுப்பெற்றது. 1970களிற் பெல்ஜியத்திற் கண்டறியப்பட்ட கீற்றோகொனசோல் என்னும் பங்கசுக்கொல்லி நோயைத் தணித்தமை இக்கருத்தை அசைத்தது. 1984இற் பிரித்தானிய ஆய்வாளர் சாம் ஷூஸ்டர் பங்கசின் பங்கினை மீண்டும் வலியுறுத்தினார். கொள்கை விவாதமொன்றுக்குச் சிகிச்சை நடைமுறையே வழிகாட்டியமை மனங்கொளத்தக்கது.

மலசீசியா எனப் பெயர்பெற்ற அப்பங்கசு ஏறத்தாழ வளர்ந்தோர் யாவரது தோலிலும் வாழ்கின்றது. தனக்கு வேண்டிய கொழுப்பமிலங்களைத் தானே ஆக்கமாட்டாத அது, தோல்நெய்யிலுள்ள கொழுப்பைப் பிளந்து பயன்படுத்துகின்றது. எஞ்சும் ஒலெயிக் அமிலம் முதலியன தோலை உறுத்துகின்றன. எனினும் எல்லோரும் நோயுறுவதில்லை. நெய்ச்சுரப்பு, தோலின் தடுப்பாற்றல், உடலின் எதிர்வினை ஆகியன ஆளுக்காள் வேறுபடுகின்றன. அதாவது, புறக்காரணி அகநிலைமைகளினூடாகவே செயற்படுகின்றது. மனவழுத்தம், உறக்கமின்மை, குளிர்ந்த வறண்ட காலநிலை ஆகியன நோயைத் தூண்டும். ஆண்களிடையே இது மிகுதி. பார்க்கின்சன் நோயாளரிடமும் எச்.ஐ.வி. தொற்றுக்குள்ளானோரிடமும் கூடுதலாகக் காணப்படும். எனவே, இது அழுக்கினால் வருவதென்பதும் பிறருக்குத் தொற்றுமென்பதும் ஆதாரமற்ற கூற்றுக்களாகும்.

பராமரிப்பு முறை இவ்விளக்கத்திலிருந்தே பெறப்படுகின்றது. முகத்தைக் காரமான சவர்க்காரத்தால் தேய்த்துக் கழுவுதலும் செதில்களை உரித்தலும் தவிர்க்கப்பட வேண்டும். மென்மையான கழுவுபொருள் போதுமானது. 2 சதவீதக் கீற்றோகொனசோல் களிம்பை நாளொன்றுக்கு ஒருமுறையோ இருமுறையோ, 2 முதல் 4 வாரங்கள் வரை மெல்லிதாகப் பூசலாம், குளோற்றிமசோலும் பயன்தரும். தலையைக் கவனியாது முகத்துக்கு மட்டும் மருந்திடுவது அரைவேலையே. கீற்றோகொனசோல் ஷாம்பூவை வாரம் இருமுறை தலையிலும் தாடியிலும் இட்டு, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுதல் வேண்டும். நோய் தணிந்தபின் ஓரிரு வாரங்களுக்கு ஒருமுறை இதனைத் தொடர்ந்தால் மீள்வருகை குறையும். எண்ணெயைப் பூசி இரவு முழுவதும் விடுதல் உகந்ததன்று. ஆய்வுகூடங்களில் இப்பங்கசை வளர்ப்பதற்கு ஒலிவ எண்ணெய் இடப்படுவது இங்கு நினைக்கத்தக்கது. கீற்றோகொனசோலை மாத்திரையாக உட்கொள்ளுதல் ஈரலுக்கு ஊறு விளைவிக்கக்கூடும். 2013இல் ஐரோப்பிய மருந்து முகவரகம் அதன் விற்பனையை இடைநிறுத்துமாறு பரிந்துரைத்தது.

அழற்சி மிகுந்தபோது 1 சதவீத ஹைட்ரோகோட்டிசோனைச் சில நாட்கள் சேர்த்துப் பூசலாம். இங்கேதான் பெரும் இடர் ஒளிந்துள்ளது. பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற வலுமிக்க ஸ்டீரொயிட் களிம்புகள் ஓரிரு நாட்களில் முகத்தைத் ‘தெளிவாக்கி’ விடுகின்றன. இதனால் மயங்கி மாதக்கணக்கிற் பூசுவோருக்குத் தோல் மெலியும், நுண்குருதிக்கலன்கள் வெளித்தெரியும், பூச்சை நிறுத்தியவுடன் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பும். முகத்தை வெளுப்பாக்குவதாகக் கூறும் பூச்சுக்கள் சிலவற்றிலும் இத்தகைய மருந்துகள் மறைவாகக் கலக்கப்படுகின்றன. நிறம்பற்றிய தாழ்வுணர்ச்சியும் இலாப நோக்கும் இணையுமிடத்தில் நோயாளியின் தோலே விலையாகின்றது.

மருந்தின் பெயரும் இங்கு முக்கியம் பெறுகின்றது. ஒரே கீற்றோகொனசோல் வெவ்வேறு வணிகப் பெயர்களில் வெவ்வேறு விலைகளுக்கு விற்கப்படுகின்றது. மருந்துகளைப் பொதுப்பெயராற் கொள்வனவு செய்தல் வேண்டுமெனப் பேராசிரியர் சேனக பிபிலே வாதிட்டார். 1971இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவராகி அக்கொள்கையைச் செயற்படுத்தினார். களிம்புக் குழாயிற் பொறிக்கப்பட்டுள்ள பொதுப்பெயரையும் சதவீதத்தையும் வாசிக்கக் கற்றல், நீண்டகால நோயாளிக்கு அப்போராட்டம் விட்டுச்சென்ற நடைமுறைப் பயன் எனலாம். 2023 டிசெம்பரில் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற றொஃப்லூமிலாஸ்ற் நுரைகூட நோயைக் கட்டுப்படுத்துவதேயன்றி நிரந்தரமாக ஒழிப்பதன்று.

நான்கு வாரங்களிற் குணம் தெரியாதவிடத்தும், இமைகள் பாதிக்கப்பட்டவிடத்தும், நோய் திடீரெனக் கடுமையாகப் பரவியவிடத்தும் வைத்தியரை நாடவேண்டும். கன்னங்களிற் செம்மை படர்ந்து, மூக்கோர மடிப்புகள் மட்டும் தப்பியிருக்க, மூட்டுவலியும் சேருமாயின், லூப்பசு என்னும் வேறு நோயா என ஆராய்தல் அவசியம்.

மீண்டும் வருதல் இந்நோயின் இயல்பு. அது நோயாளியின் தவறன்று, சிகிச்சையின் தோல்வியுமன்று. இதனை உணர்ந்தவர் ‘ஏழே நாளிற் பூரண குணம்’ என்னும் விளம்பரத்துக்கு இரையாகார்.