கல்லெழுத்தைக் காலை வெயிலில் படமெடுப்போம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குக் களப்பயணம் வரும் மாணவர்கள் குடவோலைக் கல்வெட்டைக் கைப்பேசியில் படமெடுத்துச் செல்கிறார்கள். வகுப்பறையில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் பெரும்பாலும் வெறும் சாம்பல் நிறக் கல்தான் தெரியும். கைப்பேசியின் விலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. கல்வெட்டு எழுத்துக்குத் தனி நிறம் கிடையாது. வெட்டிய பள்ளத்தில் விழும் நிழலே நம் கண்ணுக்கு எழுத்தாகத் தெரிகிறது. நிழல் விழாவிட்டால் எழுத்தும் தெரியாது.

எழுத்து தெரியவில்லை என்பதற்காகச் சுண்ணக்கட்டி, மாவு, எண்ணெய் முதலியவற்றைத் தேய்க்கும் பழக்கம் பல கோயில்களில் இருக்கிறது. அவை பள்ளங்களை அடைத்துக் கல்லையும் கெடுக்கும். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சிதைப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கல்லைத் தொடாமலே எழுத்தைத் தெளிவாக்க வழி இருக்கிறது. அதற்குச் சாய்வாக விழும் வெயில் போதும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

களப்பயணத்துக்கு முந்தைய நாள் ஒரு சோப்புக் கட்டியில் மாணவர் ஒருவரின் பெயரை ஆணியால் கீறச் சொல்லுங்கள். சன்னல்களை மூடிவிட்டு, டார்ச் ஒளியை முதலில் நேர் எதிரிலிருந்தும், பிறகு பக்கவாட்டில் சோப்பை உரசுவதுபோலவும் காட்டுங்கள். இரண்டாம் முறை பெயர் பளிச்சென்று எழும். தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு இந்த அளவே போதும்.

பத்தாம் வகுப்பு மாணவர்கள் இதையே முக்கோணவியல் கணக்காகச் செய்யலாம். நிழலின் நீளம் = பள்ளத்தின் ஆழம் ÷ tan θ. இங்கே θ என்பது ஒளிக்கதிருக்கும் சுவருக்கும் இடையிலான கோணம். ஆழம் 2 மி.மீ. என்று கொள்வோம். கோணம் 60 பாகையானால் நிழல் சுமார் 1.2 மி.மீ.; 15 பாகையானால் சுமார் 7.5 மி.மீ. கைப்பேசியின் பிளாஷ் லென்சுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஒளி நேராகப் போய் நிழலை அழித்துவிடுகிறது. ஆகவே அதை அணைத்துவிட வேண்டும்.

எந்தச் சுவருக்கு எந்த நேரம்?

அதிகாலை வெயில் எல்லாச் சுவருக்கும் ஒரே பயனைத் தராது. டிசம்பரில் நம் பகுதியில் சூரியன் கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை தெற்கே தள்ளி உதிக்கிறது. அப்போது காலை வெயில் தெற்குச் சுவரை உரசிச் செல்லும். ஜூனில் அதே அளவு வடக்கே தள்ளி உதிப்பதால் வடக்குச் சுவருக்கு அந்த வாய்ப்பு. கிழக்குச் சுவரில் விடிந்தவுடன் வெயில் நேராக அடிக்கும். கோபுரத்தையோ கோயிலின் முழுத் தோற்றத்தையோ எடுக்க அது அழகான நேரம், ஆனால் எழுத்து மங்கிவிடும். முற்பகல் 11 மணியளவில் வெயில் மேலிருந்து சுவரை ஒட்டி இறங்கும்போது கிழக்குச் சுவரின் எழுத்துகள் தெரியும். மேற்குச் சுவருக்கு உச்சிவேளை கழிந்த பிறகு இதே நிலை வரும். திசைகாட்டியுடன் சென்று, எந்தச் சுவர் எத்திசை நோக்குகிறது என்று மாணவர்களே குறித்துக்கொள்ளட்டும்.

கூரை நிழலால் வெயில் எட்டாத இடங்களுக்கு அறிவியல் ஆய்வகத்தின் சமதள ஆடி உதவும். ஒருவர் வெயிலில் நின்று ஒளியைச் சுவர்மீது சாய்வாகத் திருப்ப, மற்றவர் படமெடுக்கலாம். ஒளி யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படமெடுக்கும் முறை

கைப்பேசியைச் சுவருக்கு இணையாகப் பிடிக்க வேண்டும். அளவு தெரிவதற்காக 15 செ.மீ. அளவுகோலைக் கல்லில் படாமல் அருகே பிடிக்கலாம். ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கையாவது உள்ளடக்கினால் வரி விடுபடாது. நாள், நேரம், சுவரின் திசை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுவதும் அவசியம். முக்காலி வைப்பதானால் இந்தியத் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும்.

படித்தால் என்ன கிடைக்கும்?

இக்கல்வெட்டுகள் முதலாம் பராந்தகச் சோழன் காலத்தவை, ஆண்டு கி.பி. 919, 921. 1898இல் தொல்லியலார் படியெடுத்தார்கள். வெங்கையா 1904-05ஆம் ஆண்டறிக்கையில் விரிவாக எழுதினார். பழைய தமிழெழுத்தில் கிரந்தம் கலந்திருக்கும். மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. முழுவதையும் மாணவர்கள் படித்துவிட முடியாது. ஆனாலும் ட, ப போன்ற எழுத்துகளை அடையாளம் காண்பார்கள். அச்சிட்ட பாடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு சொற்களும் பிடிபடும்.

30 குடும்புகள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இடுதல், விவரம் அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தல் ஆகியவற்றை நாம் பாடத்தில் சொல்கிறோம். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மீண்டும் பொறுப்புக்கு வர முடியாது என்ற விதியும் கல்லில் இருக்கிறது. வரி செலுத்தும் நிலமும் வேதப் பயிற்சியும் உள்ளவர்க்கே குடத்தில் இடம் என்பதும் அதே கல்லில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே வகுப்பில் பேச வேண்டும். அன்று குடத்தில் யார் பெயர் இடம்பெறவில்லை என்று மாணவர்களைக் கேளுங்கள். அன்று அந்த ஓலையில் இடம்பெற முடியாதவர்களின் வழிவந்த பிள்ளைகள் பலர் இன்று நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அந்தக் கல்லைத் தாமே படமெடுத்து எழுத்துக்கூட்டிப் படிக்கும் வாய்ப்பை அவர்களுக்கு உருவாக்கித் தருவது நம் கையில் இருக்கிறது.