80 ரூபாய் முதல்

வியாபாரம் என்றதும், "முதலுக்கு எங்கே போவது?" என்று கேட்பது நம்மவர் வழக்கம். பம்பாய் கிர்காமில் 1959-ஆம் வருஷம் மார்ச்சு 15-ந் தேதி ஏழு குஜராத்தி ஸ்திரீகள் மொட்டை மாடியில் அப்பளம் இடத் தொடங்கியபோது அவர்களுடைய முதல் 80 ரூபாய், அதுவும் கடன். அன்று கண்ட பலன் நான்கே பொட்டலங்கள்.

உயர்ந்தது, மட்டம் என்று இரண்டு தினுசு செய்து பார்த்தார்கள். கடனுதவிய சகன்லால் பாரேக், ஒரே தரம் போதும், அதில் குறை வைக்கலாகாது என்றார். நஷ்டமே வந்தாலும் நன்கொடை கேட்பதில்லை என்பது அவர்களுடைய தீர்மானம்.

முதல் வருஷம் மழையில் அப்பளம் உலராமல் நான்கு மாதம் வேலை நின்றது. மறு வருஷம் செய்த யுக்தியைப் பாருங்கள்! ஒரு கட்டில், ஓர் அடுப்பு வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளம், கீழே அடுப்பு. பிறர் பணம் தாராளமாய்க் கையில் இருந்திருந்தால் யந்திரத்துக்கல்லவா விலை விசாரித்திருப்பார்கள்?

'லிஜ்ஜத்' என்று பிற்பாடு பெயர் பெற்ற இந்த ஸ்தாபனத்தில், நிலையத்தில் பிசைந்த மாவை அங்கத்தினர்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்று, அப்பளமாக இட்டு உலர்த்தி, திரும்பக் கொணர்ந்து நிறுத்துக் கொடுத்துக் கூலி பெறுகிறார்கள். அவரவர் கூடமே பட்டறை. கட்டடத்துக்கென்று பெருஞ்செலவு ஏது? அங்கத்தினர் யாவரும் 'சகோதரிகள்'. லாப நஷ்டம் அவர்களையே சேரும்.

முதல் வருஷ விற்பனை 6,196 ரூபாய். இன்று சகோதரிகள் 40,000-க்கு மேல். எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.