கம்ப்யூட்டர் தானாக அணைகிறதா?

சென்ற மே மாதம் என் கம்ப்யூட்டர் அரை மணி நேரத்துக்கு ஒரு முறை தானாக அணைந்தது. வைரஸ் என்று நினைத்து, ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் பதித்தேன். மகளின் போட்டோக்கள் போனதுதான் மிச்சம், பேக்கப் எடுக்கவில்லை. சிஸ்டம் மறுபடியும் அணைந்தது.

பிறகுதான் பயாஸில் வெப்ப அளவைப் பார்த்தேன். பிராசசர் 90 டிகிரி செல்சியஸ்! பல இன்டெல் பிராசசர்களுக்கு 100 டிகிரிதான் எல்லை. அதைத் தொட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு ஏறினால் சிஸ்டமே நின்றுவிடும்.

குற்றவாளி என் கம்ப்யூட்டர் டேபிள். கேபினட்டைக் கதவுள்ள தட்டுக்குள் வைத்திருந்தேன். சூடான காற்று விரிந்து, லேசாகி மேலே போகும். கீழிருந்து குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும். அடுப்பில் வைத்த தண்ணீர் சுழல்வதும் இப்படித்தான். பள்ளியில் படித்த அதே வெப்பச்சலனம்! ஹீட் சிங்க் மேலுள்ள ஃபேன் காற்றை வேகமாகத் தள்ளுமே தவிர, காற்றைக் குளிர வைக்காது. கதவை மூடிவிட்டால், சூடான காற்றையே திரும்பத் திரும்ப ஊதும்.

கேபினட்டை வெளியே எடுத்து, சுவரிலிருந்து அரை அடி தள்ளி வைத்தேன். பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, ஹீட் சிங்கில் அடைந்திருந்த தூசியைப் பிரஷ்ஷால் தட்டினேன். (அப்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.) இப்போது 58 டிகிரி.