கேலிக் கால்பந்து விதிமாற்ற விவாதம்

கேலிக் கால்பந்து அயர்லாந்தில் தோன்றிய மரபு விளையாட்டு. அணிக்கு 15 பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், கையால் தட்டி அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஆனால் கையில் வைத்துக்கொண்டே நான்கு எட்டுக்கு மேல் ஓட முடியாது. தரையில் தட்டிப் பிடிக்க வேண்டும், அல்லது காலில் போட்டு மீண்டும் கைக்கே வரும்படி உதைக்க வேண்டும். பின்னதைச் 'சோலோ' என்பார்கள். கோல் கம்பம் 'எச்' வடிவில் இருக்கும். குறுக்குக் கம்பத்திற்கு மேலே பந்து போனால் 1 புள்ளி, கீழே வலைக்குள் போனால் அது கோல், அதற்கு 3 புள்ளி. ஆட்டக் கணக்கை 1-11 என்று எழுதினால் ஒரு கோலும் பதினொரு புள்ளிகளும், அதாவது மொத்தம் 14 என்று பொருள்.

இந்த ஆட்டத்தின் விதிகளை மாற்ற வேண்டுமா, மாற்றினால் யாருக்காக என்ற விவாதம் அயர்லாந்தில் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. 2025-ல் அது பெரும் மாற்றங்களில் வந்து முடிந்தது.

பின்னணி

கவுண்டி அணிகள் மோதும் ஆட்டம் 70 நிமிடம். வீரர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆசிரியர், விவசாயி, மாணவர் என்று பகலில் வேறு வேலை பார்ப்பவர்களே மாலையில் பயிற்சிக்கு வருகிறார்கள். ஆட்டத்தை நடத்தும் கேலிக் தடகளச் சங்கம் 1884-ல் தர்லஸ் ஊரில் தொடங்கப்பட்டது. அதன் தலைமை மைதானமான டப்ளின் குரோக் பார்க்கில் 82,000-க்கும் மேற்பட்டோர் அமரலாம்.

பழைய ஆட்டத்தில் பந்து உயரமாகவும் நீளமாகவும் உதைக்கப்படும். நடுக்களத்தில் இருவர் எம்பிக் குதித்து அதைப் பிடிக்கப் போட்டியிடுவார்கள். ரசிகர்கள் விரும்பியது இதைத்தான். இரண்டாயிரங்களில் ஆட்டம் வேறு திசையில் போனது. 2003 அரையிறுதியில் டைரோன் அணி கூட்டமாகப் பின்வாங்கித் தடுத்து, கெர்ரியை 0-6 என்ற கணக்கோடு நிறுத்தியது. 2011 அரையிறுதியில் டோனிகால் கிட்டத்தட்ட முழு அணியையும் தன் கோல் முன்னால் நிறுத்தியது. டப்ளின் 0-8, டோனிகால் 0-6 என்று அந்த ஆட்டம் முடிந்தது. இந்த முறைக்குப் 'போர்வைத் தடுப்பு' என்று பெயர் வந்தது.

இதற்கு எதிரணிகள் கண்ட மருந்து நோயைவிட மோசமானது. பதினான்கு பேர் நிற்கும் சுவரை நோக்கிப் பந்தை உதைத்தால் அது பறிபோகும். ஆகவே உதைக்காமல் கைப்பாஸ் கொடுத்தே பக்கவாட்டிலும் பின்னாலும் சுற்றி, சுவரில் ஓட்டை விழக் காத்திருந்தார்கள். கோல்கீப்பரும் பந்தை நீளமாக உதைக்காமல், அருகில் தனியாக நிற்கும் தன் அணிக்காரருக்கே கொடுத்தார். யாரும் தவறு செய்யவில்லை. பந்தை இழக்காமல் இருப்பதே வெல்லும் வழி என்று விதிகள் சொல்லின, பயிற்சியாளர்கள் அதைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள்.

முந்தைய முயற்சிகள்

மாற்றத்தை எதிர்ப்பவர்கள் பாரம்பரியத்தைக் காரணம் காட்டுவதுண்டு. ஆனால் அந்தப் பாரம்பரியமே அடிக்கடி மாறியது. தொடக்கத்தில் அணிக்கு 21 பேர் ஆடினர். எதிரணி எத்தனை புள்ளி எடுத்தாலும் ஒரு கோல் அவற்றை வென்றுவிடும். 1892-ல் கோலுக்கு 5 புள்ளி என்று வைத்தார்கள், 1896-ல் அது 3 ஆனது. அணிக்கு 15 பேர் என்ற கணக்கு 1913-ல்தான் வந்தது.

அண்மைய முயற்சிகள் பெரும்பாலும் தடைகளாகவே இருந்தன. வேண்டுமென்றே ஆட்டத்தைக் கெடுப்பவருக்கு 2014 முதல் கறுப்பு அட்டை காட்டப்பட்டது. தொடர்ந்து மூன்று கைப்பாஸுக்கு மேல் கூடாது என்ற விதி 2018-19 பருவத்தின் தொடக்கப் போட்டிகளில் சோதிக்கப்பட்டு, லீக் தொடங்கும் முன்பே கைவிடப்பட்டது. நான்காவது கைப்பாஸைத் தடுத்தாலும் முன்னால் நிற்கும் சுவர் அப்படியே இருக்கும் என்பதே அதன் குறை. நோயின் அறிகுறியைத்தான் அது தண்டித்தது.

2025 மாற்றங்கள்

2024-ல் சங்கத் தலைவர் ஜார்லத் பர்ன்ஸ் ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தார். அதன் தலைவர் ஜிம் கேவின், டப்ளின் அணியை 2015 முதல் 2019 வரை தொடர்ந்து ஐந்து முறை வெற்றிபெறச் செய்த மேலாளர். கட்டுப்பாடான ஆட்டத்தால் வென்றவரே அதன் விதிகளைக் கலைக்க வந்தது சுவையான முரண். அவ்வாண்டு நவம்பரில் கூடிய சிறப்பு மாநாடு குழுவின் பரிந்துரைகளைச் சோதனைக்கு ஏற்றது.

முக்கியமானது, கோலிலிருந்து 40 மீட்டரில் வரையப்பட்ட வளைகோடு. அதற்கு வெளியிலிருந்து உதைத்துக் கம்பத்திற்கு மேல் அனுப்பினால் 2 புள்ளி. நெருங்கிக் கூட்டமாக நிற்கும் தடுப்பு, தொலைவிலிருந்து உதைப்பவரைத் தடுக்க இனி வெளியே வந்தாக வேண்டும். வெளியே வந்தால் உள்ளே இடம் திறக்கும். இரண்டாவது, ஒவ்வொரு அணியும் குறைந்தது மூன்று பேரை எப்போதும் எதிரணியின் பாதியில் வைத்திருக்க வேண்டும். இதனால் எல்லோரும் ஒரே பக்கம் குவிய முடியாது. மூன்றாவது, கோல்கீப்பரின் தொடக்க உதை வளைகோட்டைத் தாண்டியே ஆக வேண்டும், அதாவது பந்து மீண்டும் வானில் போட்டிக்கு வரும். இவற்றோடு, தவறிழைக்கப்பட்டவர் காத்திராமல் உடனே சோலோ ஓடலாம் என்றும், பந்தை எதிரணிக்குத் தராமல் தாமதித்தால் அது 50 மீட்டர் முன்னால் கொண்டுபோகப்படும் என்றும் விதிகள் வந்தன.

கோலுக்கு 4 புள்ளி என்ற யோசனையும் இருந்தது. 2024 அக்டோபரில் மாகாண அணிகளுக்கிடையே நடந்த சோதனை ஆட்டங்களுக்குப் பின் அது கைவிடப்பட்டது. கைவிட்டது நல்லதே. இரண்டு கோலில் எட்டுப் புள்ளி முன்னால் போன அணியை விரட்டிப் பிடிப்பது கடினம், மீதி நேரம் வெறும் சடங்காகிவிடும்.

விவாதம்

எண்ணிக்கையில் மாற்றம் கண்கூடு. 2024 இறுதியில் அர்மா 1-11, கால்வே 0-13. இரு அணியும் சேர்ந்து 27. 2025 இறுதியில் கெர்ரி 1-26, டோனிகால் 0-19. இரண்டும் சேர்ந்து 48. சில உதைகளுக்கு இப்போது இரட்டை மதிப்பு என்பதால் இந்த ஒப்பீட்டைச் சற்றுக் கவனத்தோடு பார்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: 27 புள்ளி ஆட்டம் ஒரே புள்ளியில் முடிந்தது, 48 புள்ளி ஆட்டம் பத்துப் புள்ளி இடைவெளியில் முடிந்தது. 2002-க்குப் பிறகு முதன்முறை கோப்பை கண்ட அர்மாக்காரர் எவரும் 2024 இறுதியைச் சலிப்பு என்று சொல்லியிருக்க மாட்டார். புள்ளிகள் பெருகுவது வேறு, முடிவு தெரியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது வேறு.

எதிர்ப்பாளர்களின் வலுவான வாதம் சமநிலை பற்றியது. இங்கே வீரர்களை விலைக்கு வாங்க முடியாது, பொதுவாகச் சொந்தக் கவுண்டிக்கே ஆட வேண்டும். டப்ளினில் 14 லட்சத்துக்கும் மேல் மக்கள், லீட்ரிமில் சுமார் 35,000. திறமையில் ஈடுகொடுக்க முடியாத சிறிய கவுண்டிக்குக் கூடித் தடுப்பது ஒன்றே ஆயுதம். அதே ஆயுதத்தோடுதான் டோனிகால், டப்ளினிடம் தோற்ற மறு ஆண்டே, 2012-ல் கோப்பையை வென்றது. களத்தைத் திறந்துவிட்டால், நல்ல வீரர்கள் நிறைய வைத்திருப்பவர்களுக்கே அது திறக்கும். இதற்கு மாற்றத்தை ஆதரிப்போர் தரும் பதில் முழுமையானதல்ல. ஆனால் போர்வைத் தடுப்பு கொடிகட்டிப் பறந்த 2015 முதல் 2020 வரை டப்ளின் தொடர்ந்து ஆறு முறை வென்றது என்பதை அவர்கள் சுட்டும்போது மறுப்பது எளிதல்ல. பெரிய அணியும் தற்காப்பைக் கற்றுக்கொள்ளும், அதற்கும் நேரமும் ஆளும் அவர்களிடமே அதிகம்.

காற்றும் ஒரு பிரச்சினை. அயர்லாந்துக் குளிர்காலத்தில் ஒரு பாதி முழுவதும் காற்று முதுகில் அடிக்கும் அணிக்கு இரட்டைப் புள்ளி உதை எளிது. அடுத்த பாதியில் பக்கம் மாறும் என்றாலும், அதற்குள் காற்று தணிந்துவிடலாம்.

அதிகம் பேசப்படாதது நடுவரின் சுமை. குரோக் பார்க்கில் கோட்டு நடுவர்கள், கடிகாரம், சங்கொலி எல்லாம் உண்டு. கிராமத்துக் கிளப் ஆட்டத்தில் பெரும்பாலும் ஒரே நடுவர். பந்து ஒரு முனையில் இருக்கும்போது மறுமுனையில் மூன்று பேர் நிற்கிறார்களா என்று அவர் எப்படி எண்ணுவார்? லீக் நடந்துகொண்டிருந்தபோதே சில விதிகள் திருத்தப்பட்டதால், மனப்பாடம் செய்ததை மறந்து புதிதாகப் படிக்க வேண்டியும் வந்தது. 2025 அக்டோபரில் கூடிய சிறப்பு மாநாடு இந்த மாற்றங்களை நிரந்தரமாக்கியது. மூன்று பேரை எண்ணும் வேலை இப்போது ஊர்தோறும் அந்த ஒற்றை நடுவரிடம் இருக்கிறது.