மோதலே நடக்காத பிக்கப் டிரக்கில் ஏர்பேக் விளக்கு ஏன் எரிகிறது?

சாவியைத் திருப்பியதும் சிவப்பாக எரியும் ஏர்பேக் விளக்கு சில நொடிகளில் அணைந்துவிட வேண்டும். அணையாமல் நின்றால், ஏர்பேக் அமைப்பில் எங்கோ பழுது. மோதலை உணரும் சென்சார் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

பேருந்து திடீரென பிரேக் போட்டால், நிற்கும் நீங்கள் முன்னால் சாய்கிறீர்கள் அல்லவா? மோதலை உணரும் சென்சாருக்குள் இருக்கும் நுண்ணிய எடையும் அப்படித்தான் சாய்கிறது. அந்தச் சாய்வு மின்சமிக்ஞையாகி, ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகிறது. கண் இமைப்பதற்குள் பை விரிந்துவிடும்.

சரி, பழுது எப்படி வருகிறது? பல பிக்கப்களில் இந்த சென்சார் முன் பம்பருக்குப் பின்னால் இருக்கிறது. சேறும் நீரும் அங்கே தெறிக்கும். அமெரிக்காவின் மிச்சிகன், ஒஹாயோ போன்ற இடங்களில் பனியைக் கரைக்கச் சாலையில் தூவும் உப்பும் சேரும். இணைப்பின் முனைகள் அரிக்கப்பட்டு, சமிக்ஞை அறுந்துபோகும்.

கண்டுபிடிப்பது எப்படி? ஏர்பேக் பிழைகளைப் படிக்கும் ஸ்கேனர், எந்தப் பக்கத்து சென்சார் என்று காட்டும். உடனே புதிதாக வாங்காதீர்கள். முதலில் ஒயரையும் இணைப்பையும் பாருங்கள்.

சென்சாரை மாற்ற வேண்டியிருந்தால், அதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, வண்டியின் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். ஏனென்றால், பேட்டரியைக் கழற்றிய பிறகும் பையை விரிக்கும் மின்சாரம் பெட்டிக்குள் கொஞ்ச நேரம் தேங்கியிருக்கும்.

புதிய சென்சாரைச் சரியான திசையில், சரியான இறுக்கத்தில் பொருத்துங்கள். பிறகு பிழைக்குறியீட்டை ஸ்கேனரால் அழிக்க வேண்டும்.

விளக்கு எரிந்துகொண்டிருக்கும்வரை ஏர்பேக் விரியும் என்று நம்ப முடியாது. தள்ளிப்போடாமல் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.