மூன்று நூல்களில் ஒரு மதுரை

நான் புலவனல்ல, கடை வைத்துப் பிழைக்க வெளிமாநிலம் வந்த தமிழ்ச் சமணன். கணக்கு முடித்த இரவுகளில் படித்ததைத்தான் சொல்கிறேன்.

பரிபாடலில் மதுரை ஒரு தாமரை. தெருக்கள் இதழ்கள், அரண்மனை பொகுட்டு, பரிசில் தேடி வருவோர் வண்டுகள். வெளியூர்க்காரனுக்கு அங்கே தேன் உண்டு!

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி 782 அடிகளில் ஊரைச் சுற்றிக் காட்டுகிறது. நாளங்காடி, அல்லங்காடி, அமணர் பள்ளி எல்லாம் வருகின்றன. மணியும் முத்தும் பொன்னும் விற்போரை அறநெறி பிழையாதவர் என்கிறார் புலவர். படிக்கும்போது கடைக்காரனுக்கு நெஞ்சு நிமிரத்தானே செய்யும்?

இளங்கோவடிகளோ அதே மதுரைக் கடைத்தெருவில் கோவலனை நடக்கவிடுகிறார். புகாரிலிருந்து பிழைக்க வந்தவன் அவன். இரத்தினக் கடைகளைக் கண்டு மகிழ்ந்து, ஊரின் பெருமையைச் சமணத் துறவி கவுந்தியடிகளிடம் வந்து சொல்கிறான். பிறகு சிலம்பு விற்கப் போனான். பொற்கொல்லன் சொல்லைப் பாண்டியன் விசாரிக்காமலே நம்பினான், கோவலன் வெட்டுண்டான்.

முதலிரண்டு நூல்களும் ஊரின் வளத்தைச் சொல்லின. வந்தவனுக்கு அங்கே நியாயம் கிடைத்ததா என்று கேட்டவர் அடிகள். நாமும் வந்தவர்கள்தாம். நாளைக்கு நம் கடைவாசலில் ஒரு புதியவன் பொருளோடு நின்றால், அவனைப்பற்றிப் பிறர் சொல்வதை நாம் விசாரித்துத்தான் நம்புவோமா?